ஃபெயிலோவர் சோதனை

ஃபெயிலோவர் சோதனை என்பது ஒரு கணினி அமைப்பின் பகுதி ஒன்றை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து, அதன் பணியை மாற்றுப் பகுதி உரிய நேரத்திலும் தரவு இழப்பின்றியும் ஏற்றுக்கொள்கிறதா எனச் சரிபார்க்கும் முறை ஆகும். இவ்வாறு பணி தானாகக் கைமாறுவது ஃபெயிலோவர் எனப்படுகிறது. மேகக் கணிமையில் பல வழங்கிகளுக்கிடையே சுமையைப் பகிர்ந்து இயங்கும் இணையச் செயலிகளுக்கு இச்சோதனை இன்றியமையாதது. கைமாற்றத்துக்கான நிரல்கள் பழுது நேரும்போது மட்டுமே இயங்குகின்றன. ஆகையால் அவற்றைச் சோதிக்காவிடின், அவற்றிலுள்ள குறைகள் பழுது நேரும் நாளில்தான் வெளிப்படும்.

தேவை

ஆண்டு முழுவதும் 99.9 விழுக்காடு இயங்கும் சேவை, ஓர் ஆண்டில் சுமார் 8 மணி 46 நிமிடம் நின்றுபோகலாம். 99.99 விழுக்காடு எனில் இந்த அளவு ஏறத்தாழ 53 நிமிடமாகக் குறைகிறது. ஒரு பொறியாளர் செய்தி கிடைத்து, காரணத்தைக் கண்டறிந்து, கையால் சரிசெய்வதற்குள் இந்நேரத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். எனவே கைமாற்றம் தானியங்கியாக நடைபெறுமாறு அமைக்கப்படுகிறது.

அமைப்பு

பயனரின் கோரிக்கைகள் முதலில் சுமைச் சமன்படுத்தியை அடைகின்றன. அது வெவ்வேறு வலயங்களில் உள்ள வழங்கிகளுக்கு அவற்றைப் பகிர்ந்தளிக்கிறது. வலயம் என்பது தனி மின்வசதியும் வலையமைப்பும் கொண்ட தரவு மையம் அல்லது தரவு மையங்களின் தொகுதி ஆகும். வழங்கிகளுக்குப் பின்னால் முதன்மைத் தரவுத்தளமும், அதன் நகலான காத்திருப்புத் தரவுத்தளமும் இருக்கும்.

சமன்படுத்தி ஒவ்வொரு வழங்கிக்கும் குறித்த இடைவெளியில் நலச் சோதனைக் கோரிக்கை அனுப்புகிறது. அமேசான் வலைச் சேவையின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரில் இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறை இச்சோதனை நடைபெறும். தொடர்ந்து 2 முறை தோல்வியுற்றால் வழங்கி விலக்கப்படும். அதாவது, பழுதுற்ற வழங்கிக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை கோரிக்கைகள் சென்றுகொண்டிருக்கக்கூடும்.

சோதிக்கப்படும் பழுதுகள்

நிரலை நிறுத்துதல்: வழங்கியில் இயங்கும் நிரல் நிறுத்தப்படுகிறது. இயங்குதளம் புதிய இணைப்புகளை உடனே மறுத்துவிடுவதால் பழுது எளிதில் தெரிந்துவிடும். இதுவே மிக எளிய சோதனை.

வலையமைப்பைத் துண்டித்தல்: தரவுப் பொதிகள் மறுமொழியின்றிக் கைவிடப்படுகின்றன. இங்கு மறுமுனை இறந்ததா, தாமதிக்கிறதா என்பது தெரியாது. லினக்சு இயங்குதளம், ஏற்கனவே ஏற்படுத்தப்பட்ட டிசிபி இணைப்பில் ஒப்புகை பெறாத தரவை இயல்பாக 15 முறை மீண்டும் அனுப்பிப் பார்க்கிறது. இதற்கு 15 நிமிடத்துக்கு மேல் ஆகலாம். தரவுத்தளம் ஒன்றிரண்டு நிமிடத்தில் கைமாறிவிட்டாலும், செயலியில் காலவரம்பு குறிக்கப்படாவிடின் அது பழைய இணைப்பைப் பற்றிக்கொண்டு காத்திருக்கும். நிரலை நிறுத்தும் சோதனையில் இக்குறை புலப்படாது.

வலயத்தை இழத்தல்: ஒரு வலயத்தின் எல்லா வழங்கிகளும் ஒரே நேரத்தில் விலக்கப்படுகின்றன. இரு வலயங்கள் தலா 60 விழுக்காடு சுமையில் இயங்கினால், ஒன்றை இழந்தபின் மற்றது 120 விழுக்காட்டைத் தாங்க வேண்டிவரும். இதனால் நலமாயிருந்த வழங்கிகளும் வீழும். ஆகவே இச்சோதனை உண்மையான சுமைக்கு நிகரான சுமையுடன் நடத்தப்பட வேண்டும்.

தரவுத்தளத்தை இழத்தல்: நலச் சோதனை தரவுத்தளத்தையும் தொட்டுப் பார்க்குமாறு எழுதப்பட்டிருந்தால், தரவுத்தளம் கைமாறும் சிறு இடைவெளியில் எல்லா வழங்கிகளும் ஒருசேர நலமற்றவையாகத் தோன்றும். அவற்றைத் தானாக அழித்துப் புதியவற்றைத் தொடங்கும் அமைப்பு இருப்பின், சிறு தடங்கல் பெரும் தடங்கலாகிவிடும்.

கிட்ஹப் நிகழ்வு, 2018

கைமாற்றமே சிக்கலை விளைவித்ததற்கு எடுத்துக்காட்டாக 2018 அக்டோபர் 21-இல் கிட்ஹப் தளத்தில் நிகழ்ந்த தடங்கல் குறிப்பிடப்படுகிறது. ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும் பராமரிப்புப் பணியின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதன் வலையமைப்பு மையத்துக்கும் முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையேயான தொடர்பு 43 நொடிகள் அறுந்தது. தானியங்கி மென்பொருள் முதன்மைத் தரவுத்தளப் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றியது. ஆனால் கிழக்கில் அதற்குச் சற்று முன் எழுதப்பட்ட சில தரவுகள் மேற்குக்கு நகலாகியிருக்கவில்லை. கைமாறியபின் மேற்கிலும் புதிய தரவுகள் எழுதப்பட்டன. இரு பக்கமும் ஒன்றிடம் இல்லாத தரவு மற்றதில் இருந்ததால், உடனடியாகத் திரும்ப இயலவில்லை. சேவை முழுமையாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

இங்கு மென்பொருள் தனக்கு இடப்பட்ட விதிகளின்படியே இயங்கியது. ஆகவே "பொறுப்பு கைமாறியதா" என்று மட்டும் பார்ப்பது போதாது. கைமாறும் கணத்தில் எழுதப்பட்ட தரவு என்னவாகிறது, பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறதா என்பனவும் சோதனையில் அடங்க வேண்டும்.

நடத்தும் முறை

சோதனைக்கு முன் இரு இலக்குகள் எண்களாகக் குறிக்கப்படுகின்றன: சேவை எத்தனை நொடிகளுக்குள் மீள வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு தரவை இழக்கலாம். பின்னர் வரிசை எண் இடப்பட்ட பதிவுகளைத் தொடர்ந்து எழுதிக்கொண்டே பழுது உண்டாக்கப்படுகிறது. வெற்றி என அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு எண்ணும் முடிவில் தரவுத்தளத்தில் உள்ளதா எனச் சரிபார்த்தால் இழப்பு துல்லியமாகத் தெரியும். சோதனையை உடனே நிறுத்தும் வழியும் முன்னரே ஆயத்தமாக இருக்க வேண்டும். இறுதியாக, பழுதுற்ற பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டு, திரும்பும் கட்டமும் அதே முறையில் அளவிடப்படுகிறது.

வரலாறு

கூகிள் நிறுவனம் 2006 முதல் பேரிடர் மீட்புச் சோதனைகளை நடத்தி வந்துள்ளது. இயங்கும் வழங்கிகளை அலுவல் நேரத்தில் குறிப்பின்றி நிறுத்தும் கேயாஸ் மங்கி என்னும் கருவியை நெட்ஃபிளிக்சு உருவாக்கி, 2012-இல் திறமூலமாக வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24-இல் அமேசானின் சுமைச் சமன்படுத்திச் சேவையின் தரவு, பராமரிப்புப் பணி ஒன்றால் தவறுதலாக அழிக்கப்பட்டது, நெட்ஃபிளிக்சும் பாதிக்கப்பட்டது. வழங்கிகளைக் காக்கும் சமன்படுத்தியும் பழுதுறலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது. பின்னர் நெட்ஃபிளிக்சு, ஒரு பிராந்தியம் முழுவதையும் இழப்பதைப் பாவிக்கும் கேயாஸ் காங் சோதனைகளை நடத்தியது. 2021-இல் அமேசான், பழுதுகளைக் கட்டுப்பாட்டுடன் உண்டாக்குவதற்கெனத் தனிச் சேவை ஒன்றை வெளியிட்டது.