விடிந்தும் விடாத விறைப்பு

பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞருக்கு உடம்பு வலித்தால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. முதுகு வலியா? அவுட்டர் ரிங் ரோட்டில் தினமும் இரண்டு மணி நேரம் பைக் ஓட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்? விரல் வலி என்றால் கீபோர்டு. மணிக்கட்டு என்றால் மவுஸ். குதிகால் என்றால் புது ஷூ. எதிலும் அடங்காத வலிக்கு இருக்கவே இருக்கிறது இந்த ஊர்க் குளிர். ஊரிலிருந்து அம்மா ஃபோனில், "ஏசியிலயே உக்காந்திருந்தா அப்படித்தான்டா இருக்கும், நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார்.

இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல். நாற்காலியும் சாலையும் நிஜமாகவே உடம்பை நோகடிக்கும். அந்த வலிகளோடு வலியாகக் கலந்து, மாதக்கணக்கில் ஆள் அடையாளம் தெரியாமல் இருந்துவிடுகிறது அழற்சி மூட்டுவாதம். வயதான பிறகு முழங்கால் தேய்கிறதே, அது வேறு. இங்கே நோய் எதிர்ப்பு மண்டலமே சொந்த மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. மூட்டு வீங்குகிறது, கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிபடுகின்றன.

ஊர்ப்பக்கம் சரவாங்கி என்று சொல்லப்படும் முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம், இருபதுகளிலும் வரும். முதுகெலும்பைப் பிடிக்கும் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், சுருக்கமாக ஏ.எஸ்., பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதமும் லூபஸோடு வருவதும் இதே குடும்பம்தான். டென்னிஸ் வீராங்கனை கரோலின் வோஸ்னியாக்கி 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் தனக்கு முடக்குவாதம் என்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 28.

ஓய்வெடுத்தால் கூடும் வலி

உழைத்துக் களைத்த மூட்டு மாலையில் வலிக்கும், படுத்தால் தணியும். அழற்சி வலி நேர்மாறு. ராத்திரி முழுக்கப் படுத்திருந்த பிறகுதான் அது உச்சத்துக்கு வரும்.

ஒயிட்ஃபீல்டில் பிஜி விடுதி ஒன்றில் தங்கியிருக்கும் 26 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். எழுந்ததும் விரல்களை மடக்க வரவில்லை. பற்பசை மூடியைத் திருகப் பல்லைப் பயன்படுத்துகிறாள். கீஸர் வெந்நீரில் கையை வைத்திருந்தால் கொஞ்சம் இளகுகிறது. பத்தரை மணிக்கு ஆபீஸில் கை சரியாகிவிடுவதால் காலையில் பட்டதை அவளே பாதி மறந்துவிடுகிறாள். யாராவது கை குலுக்கினால் மட்டும் உயிர் போகிறது. வீங்கியிருப்பவை விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மொழிகள், நடு மூட்டுகள், மணிக்கட்டு, இரண்டு கையிலும். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு பெரும்பாலும் தப்பிக்கும். காலையில் ஏற்படும் விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரம் நீடித்து, இப்படியே ஆறு வாரம் ஓடினால், அது கீபோர்டு வலி இல்லை.

ஏ.எஸ். வேறு மாதிரி. விடியற்காலை மூன்று மணிக்கு முதுகு எழுப்பிவிடும். எழுந்து அறைக்குள் நாலு நடை நடந்தால் தணியும். புட்டத்தில் ஒருவாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம் என்று வலி மாறி மாறி வரும். சாதாரண முதுகு வலிக்காரருக்கு "படுத்து ரெஸ்ட் எடு" என்பது சரியான யோசனை என்றே பலரும் நினைக்கிறார்கள், ஏ.எஸ்.காரருக்கு அதைப்போலக் கெடுதல் வேறில்லை. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எப்போதாவது கண்ணுக்குள்ளும் அழற்சி வரும். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தோடு நிறுத்தாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர் இது. டிசம்பரில் விறைப்பு அதிகம் தெரிகிறது என்று பலர் சொல்வது பொய்யில்லை. ஆனால் குளிர் இந்த நோயை உண்டாக்காது. சென்னைக்கு மாற்றல் வாங்கிப் போனால் நோயும் கூடவே வரும்.

ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

வலி என்றதும் நாமே லேப்புக்குப் போய் ஆர்.ஏ. ஃபேக்டரும் யூரிக் ஆசிடும் பார்த்துவிடுகிறோம். இரண்டும் குழப்பும். முடக்குவாதம் இருந்தும் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாக வருபவர்கள் கணிசம். நோயே இல்லாமல் பாசிட்டிவாக வருபவர்களும் உண்டு. ஆன்டி-சிசிபி சோதனை இதைவிட நம்பகமானது, அதுவும் முடிவான தீர்ப்பில்லை. யூரிக் ஆசிட் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று இளம்பெண் ஒருத்திக்கு கவுட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டுவாதத்துக்கான மாத்திரை கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு கவுட் மிக அரிது.

ஏ.எஸ்.ஸில் முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டின் எக்ஸ்-ரேயில் மாற்றம் தெரிய ஆண்டுகள் ஆகலாம். எம்.ஆர்.ஐ. முன்னதாகவே காட்டும். எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இல் கண்டறியப்பட்டது. அதற்காக அது பாசிட்டிவ் என்றதும் இடிந்து உட்கார வேண்டியதில்லை. அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

கர்நாடகத்தில் இன்னொரு வேஷக்காரனும் உண்டு: சிக்குன்குனியா. 2006இல் மாநிலத்தையே படுக்கப் போட்ட காய்ச்சல். அது விட்ட பிறகும் மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கும், முடக்குவாதத்தை அப்படியே உரித்து வைத்தாற்போல. இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பவர் வாதநோய் நிபுணர், அதாவது ரூமட்டாலஜிஸ்ட். எலும்பு மருத்துவரிடமும் பிசியோதெரபியிலும் ஒரு வருடத்தைக் கழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அவரிடம் அதிகம் வருகிறார்கள். பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் இதற்குத் தனித்துறை இருக்கிறது. ராஜாஜி நகரில் வாதநோய்க்கென்றே இயங்கும் சான்ரே மையம் இருக்கிறது. பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் இந்த நிபுணர்கள் உண்டு. முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூட்டு சிதையாமல் காப்பாற்றலாம். அரித்த எலும்பை எந்த மருந்தும் திரும்ப வளர்த்துத் தராது.

1948இல் ஒரு பெண் எழுந்து நடந்தாள்

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்துக்கொண்டே வந்தார். மஞ்சள் காமாலை வந்தாலோ கர்ப்பம் தரித்தாலோ சில முடக்குவாத நோயாளிகளுக்கு வலி குறைந்தது. உடம்பே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது என்று அவர் ஊகித்தார். 1948 செப்டம்பர் 21 அன்று, சில வருடங்களாக முடக்குவாதத்தில் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு, பின்னாளில் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற மருந்தை ஊசியில் செலுத்தினார். சில நாள்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தாள். ஒரு வாரத்துக்குள் கடைவீதிக்குப் போய் வந்தாள். 1950இல் ஹெஞ்ச் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

ஆனால் மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. அதிக அளவில் தொடர்ந்தவர்களுக்கு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு மெலிந்தது. பரிசு வாங்குவதற்குள்ளாகவே அந்த அற்புதத்தின் விலையும் தெரிந்துவிட்டது.

இந்தப் பழங்கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "ரெண்டே நாள்ல வலி போயிடும்" என்று பொட்டலத்தில் வரும் பெயரில்லாப் பொடி, லேபிள் இல்லாத மாத்திரை ஆகியவற்றில் பல நேரம் இருப்பது அந்தக் கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டுதான். மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு வேறு: உண்மையான மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. நாள்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், பொடி சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை மாத்திரை

முடக்குவாதத்துக்கு அடிப்படை மருந்து மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கு அதிக அளவில் தரப்படும் மருந்து என்று கூகுளில் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் நிறைய. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் அளவு மிகச் சிறிது. வாரத்தில் ஒரே ஒரு நாள். அந்த "ஒரே நாள்" என்பதில்தான் உயிர் இருக்கிறது. தவறுதலாகத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரை அட்டையின் மேல் கிழமையைப் பேனாவால் எழுதி வையுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் பக்கவிளைவைக் குறைக்கும். அதை எந்தெந்த நாள் எடுப்பது என்பது மருத்துவர் சொன்னபடி.

பலரும் சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுப்பார்கள். மறுநாள் குமட்டலும் மந்தமும் இருந்தாலும் படுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஊரில் சனிக்கிழமை இரவு என்றால் நண்பர்கள் பப்புக்குக் கூப்பிடும் நேரமும்கூட. மதுவும் இந்த மருந்தும் ஒரே கல்லீரலைத்தான் வதைக்கும். சிகரெட் அதைவிட மோசம்: முடக்குவாதம் வரும் வாய்ப்பையே கூட்டும், வந்த பிறகு மருந்தின் பலனைக் குறைக்கும்.

மருந்து வேலை செய்யத் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரமே "ஒண்ணும் கேக்கல" என்று விடுபவர்கள் ஒரு வகை. ஆறாவது மாதம் "நல்லாயிடுச்சு" என்று விடுபவர்கள் இன்னொரு வகை. எனக்கு இந்த இரண்டாம் வகையினரைப் பற்றித்தான் கவலை அதிகம். வலி இல்லாத அந்த நிலை மருந்தினால் வந்தது. குறைக்கலாமா என்பதை ரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் முடிவு செய்யட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளில் ஆளுக்கொரு பட்டியல். உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் வாயு, தக்காளி ஆகாது, புளி ஆகாது. இவற்றை நிறுத்தி நோய் தீர்ந்ததற்கு ஆதாரம் கிடையாது. எடையைக் கட்டுக்குள் வைப்பது பலன் தரும், பட்டினி தராது.

ஊசியும் பிஜி ஃப்ரிட்ஜும்

மாத்திரைக்கு அடங்காத நோய்க்கு பயாலஜிக் எனப்படும் ஊசிகள் வந்திருக்கின்றன, ஏ.எஸ்.ஸில் வலி மாத்திரையும் உடற்பயிற்சியும் போதாதபோது இவைதான் கைகொடுக்கும். விலைதான் மலைப்பு. 2014 டிசம்பரில் ஜைடஸ் நிறுவனம் அடாலிமுமாப் என்ற பயாலஜிக்கின் உலகின் முதல் பயோசிமிலரை, அதாவது ஒத்த நகல் மருந்தை, இந்தியாவில் வெளியிட்ட பிறகு விலை இறங்கியது. இப்போது பல கம்பெனிகள் தயாரிக்கின்றன.

இந்தியாவில் இந்த ஊசி போடுமுன் காசநோய்ச் சோதனை கட்டாயம். நம்மில் பலர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். ஊசி அதை எழுப்பிவிடலாம். இருந்தால் முதலில் அதற்கு மருந்து. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளையும் தவிர்க்க வேண்டும்; ஃப்ளூ, நிமோனியாத் தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பத்துப் பேர் பங்கு போடும் பிஜி ஃப்ரிட்ஜில், யாரோ வைத்த தோசை மாவுக்குப் பின்னால், ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகும். பெயர் எழுதிய டப்பாவில் நடுத்தட்டில் வையுங்கள். பொங்கலுக்கு ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது ஐஸ் பேக்கோடு எடுத்துப் போகலாம். ஐஸ் மட்டும் ஊசியை நேராகத் தொடக் கூடாது.

பெண் பார்க்க வரும்போது

இளைஞர்களிடம் மருத்துவர்கள் பேசத் தயங்குவதும், பெற்றோர் மறைக்கச் சொல்வதும் கல்யாணத்தைத்தான். "சொன்னா வரன் அமையாது" என்று மாத்திரையை ஒளித்து வைத்து நடத்தும் கல்யாணத்தில், முதலில் நிற்பது மாத்திரை. அடுத்து வீங்குவது மூட்டு.

பிள்ளை பெறலாமா என்றால், தாராளமாக. ஆனால் திட்டமிட்டு. மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும், ஊனப்படுத்தும். கருத்தரிக்க நினைப்பதற்கு மூன்று மாதம் முன்பாவது மருத்துவர் அதை மாற்றியிருக்க வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற மூட்டுவாத மருந்துகளைக் கர்ப்ப காலத்தில் தொடர முடியும். சல்ஃபாசலசின் சாப்பிடும் ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையலாம், நிறுத்தினால் சீராகும். கர்ப்பத்தில் தணிந்த முடக்குவாதம் பிரசவத்துக்குப் பின் சீறி வருவது வழக்கம் என்பதால், குழந்தையைத் தூக்க யார் உடனிருப்பார்கள் என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். வோஸ்னியாக்கி இரண்டு பிள்ளை பெற்று 2023இல் திரும்ப ஆட வந்தார்.

ஆபீஸும் இன்ஷூரன்ஸும்

மெட்ரோவில் நின்றபடி மேலே உள்ள பிடியைத் தொங்கிப் பிடிப்பது வீங்கிய மணிக்கட்டுக்குத் தண்டனை, உட்கார்ந்தால், "வயசுப் பையன், எழுந்திரிக்கக் கூடாதா?" என்ற பார்வை. வெளியே தெரியாத நோயின் கஷ்டம் இது. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, மேனேஜரிடமும் எச்.ஆரிடமும் சொல்வது நல்லது. காலை எட்டு மணி மீட்டிங்கைப் பத்துக்குத் தள்ளுவது, மோசமான நாளில் வீட்டிலிருந்து வேலை, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி: கேட்பது இவ்வளவுதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. உங்கள் கம்பெனியுடையதை வாங்கிப் படியுங்கள்.

கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் பொதுவாக முன்பே உள்ள நோயையும் முதல் நாளிலிருந்து ஏற்கும். சொந்தமாக எடுக்கும் பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டு; 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் மூன்று ஆண்டு. நோயை மறைத்து எடுத்தால் க்ளெய்ம் நிற்காது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை, டே-கேர் முறையில் மருத்துவமனையில் ஏற்றினால் தருகின்றன. எது என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை நோட்டீஸ் பீரியட் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்; கடைசி நாள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு யோசித்தால் பிந்திவிடும்.