தோட்டப்புறத்தில் இளவயதினரின் திடீர் இதய மரணம்: எண்ணிக்கையும் அதன் பின்னணியும்

நோய்க்குறி தோன்றி ஒரு மணி நேரத்துக்குள், அல்லது எவரும் அருகில் இல்லாதபோது நேர்ந்திருப்பின் கடைசியாக நலமுடன் காணப்பட்ட 24 மணி நேரத்துக்குள், இதயக் கோளாறொன்றால் எதிர்பாராமல் நிகழும் இறப்பே திடீர் இதய மரணம் எனப்படுகிறது. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் இத்தகைய சாவு பெரும்பாலும் ‘ஹார்ட் அட்டாக்’ என்ற பெயரிலேயே பேசி முடிக்கப்படுகிறது. ஆனால் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதால் வரும் மாரடைப்பு அதன் காரணங்களுள் ஒன்றுதான். பரம்பரையாக வரும் இதயத் தசை நோய்களும், துடிப்பை இயக்கும் மின்னோட்டத்தின் ஒழுங்கீனமும் இளவயதினரிடம் பெரும் பங்கு வகிக்கின்றன.

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2010 முதல் 2012 வரை, 1 முதல் 35 வயதுக்கு உட்பட்டோரிடையே நடத்தப்பட்ட ஆய்வு இத்தகைய 490 மரணங்களைப் பதிவுசெய்து, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 1.3 என்ற வீதத்தைக் கண்டது. டென்மார்க்கில் 2000 முதல் 2006 வரையான பதிவுகளை ஆராய்ந்தோருக்கு அவ்வீதம் 2.8 வரை சென்றது. ஆனால் பிரேத பரிசோதனை செய்யப்படாத மரணங்களை நீக்கியபோது அது 1.9 ஆகக் குறைந்தது. ஆக, இதனால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடை, எத்தனை உடல்கள் முறையாகப் பரிசோதிக்கப்பட்டன என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் ஏறத்தாழ 7,11,000 பேர் வாழ்ந்தனர். அவர்களில் 35 வயதுக்கு உட்பட்டோர் நான்கு லட்சம் எனக் கொண்டு மேற்கண்ட வீதங்களைப் பொருத்தினால், ஆண்டுக்கு 5 முதல் 11 மரணங்கள் எதிர்பார்க்கத்தக்கவை. இது வெறும் கணக்கீடே. எனினும், ஒரு தோட்டத்துக்கு அரிதான நிகழ்வு மாவட்டம் முழுதும் சேர்கையில் அவ்வளவு அரிதன்று என்பதை அது காட்டுகிறது. வீட்டில் நேரும் திடீர் மரணத்தை முதலில் விசாரிப்பவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. அவருடைய கட்டளையின் பேரில்தான் பிரேத பரிசோதனை நடைபெறும். அறுத்துப் பார்த்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது. அவுஸ்திரேலிய ஆய்வில் 40 சதவீத மரணங்களுக்குப் பரிசோதனைக்குப் பின்னும் காரணம் புலப்படவில்லை. மின்னோட்டக் கோளாறு உயிரற்ற உடலில் தடயம் எதையும் விடாததால், இறந்தவரின் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதே அதைக் கண்டறியும் வழிகளில் முக்கியமானது. மரணச் சான்றிதழோடு விடயம் முடிந்துவிட்டதாகக் கருதப்படுவதால் தவறவிடப்படுவதும் அதுவே.

விளையாட்டு மைதானத்தில் சரிந்து விழும் இளைஞரின் காட்சிதான் செய்தியாகிறது. ஆனால் அதே அவுஸ்திரேலிய ஆய்வில் 38 சதவீதத்தினர் உறக்கத்தில் இறந்தனர். உடற்பயிற்சியின்போதோ அதை முடித்த உடனேயோ இறந்தவர்கள் 15 சதவீதத்தினரே. இத்தகைய மரணங்களுக்குக் கொவிட் தடுப்பூசி காரணமோ என்ற சந்தேகத்தைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதினரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, தடுப்பூசியால் அபாயம் கூடியதாகக் காணவில்லை. குடும்பத்தில் திடீர் மரண வரலாறு, கொவிட் தொற்றுக்காக வைத்தியசாலையில் தங்கியிருந்தமை, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தமை, கடும் உடலுழைப்பு ஆகியவையே அபாயத்தோடு தொடர்புற்றிருந்தன.

தோட்டப்புறத்துக்குத் தனியே பொருந்தும் காரணமும் உண்டு. குழந்தைப் பருவத்துத் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைச் சிதைப்பது, நெருக்கமான குடியிருப்புகளில் அதிகம் காணப்படும் நோய். ஒரே அறையில் பலர் உறங்கும் லயங்கள் அத்தகைய தொற்று பரவ ஏதுவானவை. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இடப்படும் பென்சிலின் ஊசி, காய்ச்சல் மீண்டும் வந்து வால்வு மேலும் பழுதாவதைத் தடுக்கும். ஆனால் ஊசிக்காகச் செல்லும் நாளின் சம்பளத்தை இழக்கும் தாய்க்கு, நலமாக ஓடித் திரியும் பிள்ளையை ஒவ்வொரு மாதமும் அழைத்துச் செல்வது எளிதன்று.

இதயம் நின்றபின் நெஞ்சழுத்தமோ மின்னதிர்ச்சியோ தரப்படாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம்வரை குறைக்கிறது. 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 என்ற எண்ணில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவையும், 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடமும் பெரும் பேறுகளே. ஆயினும் மேற்பிரிவு லயத்துக்குச் செல்லும் கரடுமுரடான தோட்டப் பாதையில் வண்டி ஏறி வருவதற்குள் அந்த நிமிடங்கள் கடந்துவிடும். அதுவரை நெஞ்சின் நடுவில், ஐந்து சென்றிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தெரிந்தவர் தேயிலைத் தொழிற்சாலையிலோ அடுத்த காம்பராவிலோ இருந்தாக வேண்டும். இப்பயிற்சியைப் பெற மருத்துவப் படிப்பு தேவையில்லை, ஓரிரு மணி நேரமே போதும்.