சிறு கைகளில் ஒரு கருவி

பிறந்த இடத்தைக் கொண்டு ஒரு பிள்ளையின் வருங்காலத்தை அளந்துவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. அவ்வாறு அளந்து ஒதுக்கப்பட்ட சிறுவர் சிலர் கையில் புகைப்படக் கருவி வந்து சேர்ந்தபோது நிகழ்ந்தது என்ன என்பதை அன்பர்கள் அறிவது நலம்.

கொல்கத்தா நகரின் சோனாகாச்சி, வறுமையால் உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வாழும் பகுதி. அவர்களுடைய வாழ்வைப் படமெடுக்க, 1990-களின் இறுதியில் ஸானா பிரிஸ்கி என்னும் புகைப்படக் கலைஞர் அங்கு வந்தார். அந்தப் பெண்களின் பிள்ளைகளோ அவருடைய கருவியையே சுற்றிச் சுற்றி வந்தனர். எனவே, 2000-ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஒரு வகுப்பைத் தொடங்கி, ஆளுக்கோர் எளிய கேமராவைக் கொடுத்தார்.

பாடம் எளியதே. பிள்ளைகள் தாம் வாழும் சந்துகளையும், மாடிப்படிகளையும், வீட்டாரையும் படமெடுத்து வருவர். பின்னர் அனைவரும் கூடி அமர்ந்து, எந்தப் படம் நன்று, ஏன் நன்று என்று ஆராய்வர். பிறரால் பார்க்கப்பட்டும் பழிக்கப்பட்டும் வந்தவர்கள் அன்று தாமே பார்ப்பவர்களாயினர். ‘உன் கருத்து என்ன?’ என்று கேட்கப்படுவதே அவர்களுக்குப் புதுமையன்றோ!

ஆயினும், கலை மட்டும் கதவுகளைத் திறந்துவிடவில்லை. தாயின் தொழிலை அறிந்தால் பள்ளிகள் தயங்கின. சான்றிதழ்களுக்கும் மருத்துவப் பரிசோதனைகளுக்கும் பிரிஸ்கி அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். உலகப் பத்திரிகைப் புகைப்பட நிறுவனத்தின் அழைப்பின்பேரில் ஒரு சிறுவன் ஆம்ஸ்டர்டாம் செல்வதற்குக் கடவுச்சீட்டுப் பெறுவதே பெரும்பாடாயிற்று. பிள்ளைகளின் படங்களை ஏலத்தில் விற்ற பணம் அவர்களது கல்விக்கே சென்றது.

இவ்வரலாற்றைக் கூறும் ‘பார்ன் இன்ட்டு பிராத்தல்ஸ்’ என்னும் ஆவணப்படம் 2005-ஆம் ஆண்டில் ஆஸ்கார் விருது பெற்றது. புகழோடு கண்டனமும் எழுந்தது. தம் பிள்ளைகளுக்காகத் தாய்மார்களே எடுத்துவந்த முயற்சிகளைப் படம் மறைத்துவிட்டது எனச் சோனாகாச்சிப் பெண்களின் அமைப்பு குறை கூறியது. இக்குறையைப் புறக்கணித்தல் ஆகாது. உதவ வருவோர் தம்மையே மீட்பராகக் கருதினால், பெற்ற தாயின் கண்ணீரும் உழைப்பும் கணக்கில் வாராமற் போய்விடும்.

பலன் என்ன? பள்ளியில் சேர்ந்தவருள் சிலர் நிலைத்தனர். சிலர் இடையிலேயே திரும்பினர். ஆம்ஸ்டர்டாம் சென்ற சிறுவனோ பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றான். எல்லாரும் வென்றனர் என்று கூற இயலாது. எவருமே வெல்லார் என்ற ஊராரின் தீர்ப்பு மட்டும் பொய்த்தது.

நம் தெருவிலும் இத்தகைய பிள்ளைகள் உண்டு. குடிகாரன் மகன், சிறை சென்றவன் மகள் என்று அவர்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறோம். அவர்களுக்கு ஒரு கலையைக் கற்பிக்க நம்மால் இயலும். அதனினும் அரியது, பள்ளி வாயிலிலும் அலுவலக வரிசையிலும் அவர்களோடு நிற்பது. ஒரு முறை தவறினார்கள் என்று கைவிடாமல், மறுமுறையும் நிற்பது. பரிவு ஒரு நாளில் பிறந்துவிடும். துணை நிற்பதற்கோ ஆண்டுகள் வேண்டும்.