களிமண் ஊரில் மண்ணைத் தொடாத பையன்... வீட்டையே தெரபி அறையாக்கிய என் அக்கா!

விருத்தாசலத்தில் பல வீடுகளுக்கு மண்தான் சோறு போடுகிறது. களிமண் கூழை அச்சில் ஊற்றி பொம்மை எடுப்பது, அகல் சுடுவது, ஃபியூஸ் கேரியர் செய்வது என்று பீங்கான் வேலை நடக்கிற ஊர். செராமிக் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க அரசுக் கல்வி நிலையமே அங்கு இருக்கிறது. அந்த ஊரில் வாக்கப்பட்ட என் அக்காவின் நாலு வயதுப் பையன், விரலில் துளி ஈர மண் பட்டாலே வீறிட்டு அழுவான்.

மண் மட்டுமில்லை. குக்கர் விசில், சட்டைக் காலரில் இருக்கும் லேபிள், தயிர் சாதத்தின் கொழகொழப்பு எல்லாமே அவனுக்கு எதிரி. ஆனால் நாள் முழுக்க சோஃபாவிலிருந்து குதிப்பான், சுவரில் போய் மோதுவான். வலித்த மாதிரியே தெரியாது. "ஒத்தப் புள்ளைனு செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்க" என்பது மாமியாரின் தீர்ப்பு. வேண்டுதல் மொட்டைக்காக குலதெய்வக் கோயிலுக்குப் போய், தலையில் கத்தி படும் முன்பே அவன் மூச்சு முட்ட அழுததால் அப்படியே திரும்பி வந்தார்கள். அன்று இரவு அக்கா போனில் கேட்டாள்: "நான்தான் சரியா வளர்க்கலையாடி?"

இல்லை. குழந்தைகள் நல மருத்துவர் முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிட்டு, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். நமக்கு ஐம்புலன்கள் தெரியும். அவற்றோடு, உடலின் சமநிலையைச் சொல்லும் உணர்வும், தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வும் உண்டு. இவற்றை மூளை ஒழுங்குபடுத்துவதில் சில குழந்தைகளுக்குச் சிக்கல் இருக்கிறது என்று விளக்கியவர், ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். 1972-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். ஒரு தொடுதல் சில குழந்தைகளுக்கு ஊசியாகக் குத்தும். சிலருக்கு எவ்வளவு குதித்தாலும் போதாது. என் அக்கா மகனுக்கு இரண்டுமே!

தெரபி கடலூரில். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல், வாரம் ஒருமுறைதான் முடியும். "மீதி ஆறு நாள் உங்க கையிலதான்" என்றார் தெரபிஸ்ட். அக்கா விலை உயர்ந்த சாதனம் எதுவும் வாங்கவில்லை. பழைய புடவையில் தூளி கட்டி, முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினாள். சுற்றிவிடக் கூடாது, முகம் வெளுத்தாலோ, குமட்டினாலோ உடனே நிறுத்த வேண்டும் என்பது கண்டிப்பு. சின்னக் குடத்தில் தண்ணீர் தூக்குவது, சுவரை இரண்டு கையாலும் தள்ளுவது, ஈரத் துணி பிழிவது எல்லாம் அவனுடைய வேலை. தசைக்கு வேலை கொடுத்தால் குதிக்கிற வெறி தணிகிறது.

மண்ணுக்கு வந்த வழிதான் எனக்குப் பிடித்தது. முதல் இரண்டு வாரம், சப்பாத்தி மாவை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, வெளியிலிருந்து அமுக்கினான். பிறகு கரண்டியால் குத்தினான். பிறகு ஒரு விரல். பக்கத்திலேயே ஈரத் துண்டு. 'போதும்' என்றால் உடனே துடைத்துக்கொள்ளலாம். மாவு பழகிய பிறகே ஈரக் களிமண். பட்டறையில் கிடக்கும் உலர்ந்த செராமிக் தூளை விளையாடக் கொடுக்கவே கூடாது, அதிலுள்ள சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

இவனுக்குச் சரிப்பட்டது உங்கள் பிள்ளைக்குச் சரிப்படும் என்றில்லை. கையைப் பிடித்து இழுத்துச் சேற்றில் அமுக்கினால் பயம்தான் கூடும். ரீல்ஸில் பார்த்து கனமான போர்வையை வாங்கி சின்னக் குழந்தைமேல் போர்த்துவது ஆபத்து. அரிசி டப்பாவுக்குள் பொருளை ஒளித்துத் தேடவைக்கும்போது, வாயில் போட்டுக்கொள்கிற வயது என்றால் கண்ணை எடுக்காதீர்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த தெரபியின் பலனுக்கான ஆதாரம் இன்னும் குறைவு, அதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012-ல் அறிவுறுத்தியது. புலன் சிக்கலுக்குப் பின்னால் ஆட்டிசமோ, கவனக் குறைபாடோ இருக்கலாம் என்பதால் அதையும் பார்க்கச் சொன்னது. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, எது குறைந்தது, எது குறையவில்லை என்று அக்கா நோட்டில் எழுதித் தெரபிஸ்ட்டிடம் காட்டுகிறாள்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே திட்டத்தில் வரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் பற்றி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களிடமும் பேசலாம்.

எட்டு மாதம் ஆகிறது. குக்கர் விசிலுக்கு இன்னமும் காதைப் பொத்துகிறான். மொட்டை வேண்டுதல் பாக்கியிருக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வந்த முடிதிருத்துபவரின் மெஷினை, ஓடாத நிலையில் முதலில் அவனே பிடித்துப் பார்த்தான். வலது பக்கம் முடிந்ததும் "போதும்" என்றான். நிறுத்திவிட்டார்கள். பாதித் தலையோடு எல்.கே.ஜி-க்குப் போய் வந்தவனுக்கு, மறுநாள் இடது பக்கம் வெட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரம்மா சிரித்தபோது, "அது இப்ப ஸ்டைலு, உனக்கென்ன தெரியும்?" என்று மடக்கியவர், அக்காவின் மாமியார்.