சாவியை உள்ளே வைத்துப் பூட்டினால்?

எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் கூரையை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பச்சை விளக்குகள் மினுக்கும் கருவிதான் பிணையச் சுவிட்ச். “சுவிட்ச் என்றால் விளக்குப் போடுவதுதானே, டீச்சர்?” என்று முதலாம் படிவ மாணவன் ஒருவன் கேட்டான். இது வேறு. ஒரு கணினி அனுப்பும் தகவல் எந்தத் துளை வழியாக வெளியேற வேண்டும் என்று முகவரி பார்த்து அனுப்பும் தபால்காரர் இது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இப்படி எத்தனையோ சுவிட்சுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஏணி வைத்து ஏறிக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் இருந்த இடத்திலிருந்தே அவற்றை நிர்வகிக்கிறார்கள். முதல்முறை மட்டும் மடிக்கணினியைக் ‘கன்சோல்’ துளையில் கேபிளால் நேரடியாக இணைத்து, சுவிட்சுக்கு ஐபி முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பிறகு பிணையம் வழியாகவே உள்ளே நுழையலாம்.

எந்த வழியில் நுழைகிறோம் என்பதுதான் முக்கியம். 1969-இல் பிறந்த டெல்நெட், கடவுச்சொல்லை அஞ்சலட்டையில் எழுதியதுபோல் அப்படியே அனுப்பும். வழியில் ஒட்டுக்கேட்பவர் படித்துவிடலாம். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பிணையத்தில் அப்படித்தான் கடவுச்சொற்கள் திருடு போயின. அங்கிருந்த தாத்து உலோனன், அனைத்தையும் மறையாக்கம் செய்து அனுப்பும் எஸ்எஸ்எச் முறையை எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 எனப் போர்ட் எண்கள் இருந்தன. இடையில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றும் அதே எண்தான். ஆனால் பழைய சுவிட்சுகள் பலவற்றில் டெல்நெட் வாசலும் திறந்தே கிடக்கிறது. அதை மூட யாரும் நினைப்பதில்லை.

பூட்டு நன்றாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருமுறை எங்கள் சுவிட்சின் அமைப்பை மாற்றியபோது, நான் நுழைந்து வந்த துளையையே வேறு விலேனுக்கு மாற்றிவிட்டேன். திரை உறைந்து நின்றது. உட்கார்ந்திருந்த கிளையை நானே வெட்டியிருந்தேன்! ஏணியைத் தேடி ஓடினேன். சிஸ்கோ சுவிட்சுகளில் இதற்கொரு தந்திரம் இருக்கிறது. மாற்றம் செய்யுமுன் ‘ரீலோட் இன் 10’ என்று கட்டளையிட வேண்டும். நாம் வெளியே மாட்டிக்கொண்டால், பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கமாகி, கடைசியாகச் சேமித்த பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டு, அதன்பின் சேமிக்கலாம். எனக்கு இது அன்று தெரியாது.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2021 அக்டோபர் 4, மலேசிய நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன்பு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக நின்றன. வழக்கமான பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத் தரவு மையங்களுக்கிடையிலான இணைப்புகளைத் துண்டித்துவிட்டது. பொறியாளர்கள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படுத்தும் வழியும் அதோடு போயிற்று. அவர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. திருடன் நுழையக்கூடாதென்று கட்டிய பாதுகாப்பு, அன்று அவர்களையே தாமதப்படுத்தியது. சேவை திரும்ப ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது.

எங்கள் இரும்புப் பெட்டிக்குள் இப்போது ஒரு கன்சோல் கேபிள் தொங்குகிறது. பெட்டியின் சாவி பள்ளி அலுவலகத்தில்.