எத்ரெதோன்: போர்வைக்குப் பெயர் தந்த கடல் வாத்து

பாரிஸுக்கு வந்து லாச்சப்பல் பக்கம் ஒதுங்கிய நம்மவர்கள் முதல் குளிர்காலத்திலேயே கற்றுக்கொள்ளும் பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று 'எத்ரெதோன்'. தடித்த, மெத்தென்ற குளிர்ப்போர்வை. நானும் அப்படித்தான் அதைக் கற்றேன். அச்சொல்லுக்குள் ஒரு பறவை இருப்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் அகராதி ஒன்றைப் புரட்டியபோதுதான் அறிந்தேன். ஐஸ்லாந்து மொழியில் 'அய்தர்' என்பது ஒரு கடல் வாத்து. 'தூன்' என்பது அதன் நெஞ்சில் இருக்கும் மென்மயிர். இரண்டும் சேர்ந்து வடகடல் தாண்டிப் பிரெஞ்சுக்கு வந்து எத்ரெதோன் ஆயின. ஆங்கிலத்தில் இப்பறவை 'ஈடர்' எனப்படும்.

அந்த மென்மயிருக்குத் தமிழில் அழகான சொல் உண்டு: தூவி. குளிர்ந்த வாடைக்காற்றையே பெயரில் சுமக்கும் நெடுநல்வாடையில், போர்ப்பாசறையில் இருக்கும் தலைவனைப் பிரிந்து வருந்தும் அரசியின் கட்டிலில் துணையோடு கூடிய அன்னத்தின் தூவி பரப்பியிருக்கிறது. குளிருக்கும் பிரிவுக்கும் தூவிக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல.

ஈடர் நம் ஊர்க் கடல்களில் காண முடியாத பறவை. ஐரோப்பிய வாத்துகளில் மிகப் பெரியது. இரண்டு கிலோவுக்கு மேலும் நிறை இருக்கும். ஆணுக்கு வெண்முதுகும் கருவயிறும் பின்கழுத்தில் இளம்பச்சைச் சாயலும். பெடையோ மண்ணிறத்தில் வரிகள் கொண்டது. கூட்டில் அமர்ந்தால் பாறையோடு பாறையாகிவிடும். மூழ்கி அடித்தரையிலுள்ள மட்டிகளைப் பிடுங்கி ஓட்டோடு விழுங்கும். ஓட்டை நொறுக்கும் வேலை இரைப்பையினுடையது. பிரான்சின் வடக்கு, மேற்குக் கரைகளுக்குக் குளிர்காலத்தில் சிறு எண்ணிக்கையில் வருவதுண்டு.

இனப்பெருக்க காலத்தில் பெடை தன் நெஞ்சுத் தூவியைத் தானே பிடுங்கிக் கூட்டுக்கு மெத்தையிடுகிறது. நான்கு முதல் ஆறு முட்டைகள். ஏறக்குறைய 26 நாட்கள், பெரும்பாலும் உண்ணாமலே, அடைகாக்கும். குஞ்சுகள் பொரித்ததும் பல தாய்கள் தம் குஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துக் கடலில் மேய்க்கும்.

இந்தத் தூவியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் காற்றைச் சிறைப்பிடித்துச் சூட்டைக் காக்கின்றன. ஒரு கிலோ தூவிக்கு ஏறக்குறைய 60 கூடுகள் வேண்டும். பறவையைக் கொன்றால் அடுத்த ஆண்டு தூவி இல்லை. ஐஸ்லாந்து விவசாயிகள் இதை நன்கு அறிந்தவர்கள். 1847 முதல் அங்கே ஈடருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கூடு கட்டும் காலத்தில் நரியும் மிங்கும் நெருங்காமல் காவல் இருக்கிறார்கள். தூவியை எடுத்தால் பதிலுக்கு வைக்கோல் இடுகிறார்கள். நோர்வேயின் வேகா தீவுக்கூட்டத்தில் ஈடருக்கென்றே சிறு வீடுகள் கட்டிக் காத்தவர்களில் பெண்களே முதன்மையானவர்கள். அந்த வாழ்முறைக்காக 2004இல் யுனெஸ்கோ அத்தீவுகளை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இதற்கு எதிரான கதை நெதர்லாந்தின் வாடன் கடலில் நடந்தது. அலை ஏறி வற்றும் அச்சேற்று நிலம் ஈடரின் குளிர்கால உணவுக்களம். 1990களின் தொடக்கத்திலேயே அங்கிருந்த மட்டித் திட்டுகள் வணிக அறுவடையால் பெரும்பாலும் அழிந்திருந்தன. கோக் எனப்படும் சிறு சிப்பிகளையும் இயந்திரங்கள் உறிஞ்சி எடுத்தன. 1999-2000 குளிர்காலத்தில் ஏறக்குறைய 21,000 ஈடர்கள் அங்கே பட்டினியால் மடிந்தன. யாரும் அவற்றைச் சுடவில்லை. அவற்றின் சோற்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இயந்திரச் சிப்பி அறுவடையை எதிர்த்து நெதர்லாந்தின் இயற்கை அமைப்புகள் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2004 செப்டம்பர் 7 அன்று முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. பாதுகாக்கப்பட்ட இடமொன்றில் ஒரு தொழிலுக்கு அனுமதி தருவதானால், அதனால் அவ்விடத்துக்குக் கேடில்லை என்பதில் அறிவியல் நோக்கில் நியாயமான ஐயம் எதுவும் எஞ்சியிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். கேட்டை நிரூபிக்கும் சுமை பறவையின் பக்கம் நிற்பவர் மேல் இல்லை என்றாயிற்று. 2005இல் அந்த இயந்திர அறுவடை நின்றது. பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அத்தீர்ப்பு செல்லும்.

ஆனாலும் ஈடர் தப்பிவிட்டது எனச் சொல்வதற்கில்லை. பால்டிக் - வாடன் கடல்களில் குளிர்காலம் கழிக்கும் கூட்டம் 1991இல் ஏறக்குறைய 12 லட்சம், 2000இல் 7.6 லட்சம். 2015இல் உலக அளவில் இவ்வினம் 'அச்சுறுத்தலை நெருங்கும்' பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022இல் கனடாவின் சென் லோரன்ஸ் கழிமுகத்தில் பறவைக் காய்ச்சல் ஆயிரக்கணக்கான ஈடர்களைக் கொன்றது. அடைகாக்கும் பெடைகளே கழுகுக்கும் மிங்குக்கும் எளிதில் இரையாவதால் சில இடங்களில் ஆண்களைவிடப் பெடைகள் குறைந்துவிட்டன.

இன்று நம் கடைகளில் எத்ரெதோன் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை செயற்கை இழை, அல்லது வளர்ப்பு வாத்தின் இறகு. உண்மையான ஈடர் தூவி வாங்கும் வசதி நம்மில் அநேகருக்கு இல்லை. ஆகவே போர்வை வழியாக நாம் இப்பறவைக்குச் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆனால் இந்நகர உணவகங்களில் சட்டி சட்டியாக வரும் மட்டி எந்தக் கடலிலிருந்து, எவ்வகையில் எடுக்கப்பட்டது என்று கேட்கலாம். வடகடலில் ஒரு வாத்தும் அதே மட்டியை நம்பித்தான் குளிர்காலத்தைக் கடக்கிறது.