காப்பியில் பினாயில் வாடை

கறுப்புப் பினாயிலை வாளித் தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுத்து ஒரு நெடி கிளம்பும். நம் வீடுகளில் அதுதான் சுத்தத்தின் வாசனை. நிலக்கரித் தாரிலிருந்து வரும் பீனால் குடும்பத்தின் நெடி அது. அதே குடும்பத்தின் வாடை காலைக் காப்பியில் அடித்தால்?

பிரிட்டனில் அடித்தது. வேல்ஸ் மலைகளில் பிறந்து செஸ்டர் நகரை ஒட்டி ஓடும் டீ ஆற்றில் 1984 ஜனவரியில் பீனால் கலந்தது. அந்த ஆற்றை நம்பியிருந்த சுமார் 20 லட்சம் பேரின் குழாய்களுக்கு அந்தத் தண்ணீர் போனது. குடித்த வீடுகளில் வயிற்றுக் கோளாறு கூடுதலாக இருந்ததைப் பிறகு நடந்த மருத்துவ ஆய்வு காட்டியது.

வாடையைக் கூட்டியது குளோரின். கிருமியைக் கொல்ல நாம் போடும் அதே குளோரின்தான். பீனாலோடு சேர்ந்தால் அது குளோரோபீனால் ஆகிவிடுகிறது. பீனாலாக இருந்தவரை நாக்குக்குத் தட்டுப்படாத அளவுகூட அதன்பின் குமட்டும். குடிநீருக்கான இந்திய வரம்பு இவ்வளவு கறாராக இருப்பதன் காரணமும் இதுவே: பீனால் சேர்மங்கள் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லையென்றால் 0.002.

ஆற்றில் விடும் ஆலைக் கழிவுநீருக்கு வரம்பு என்ன தெரியுமா? லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு!

எனக்குத் தூக்கம் கெடுவது இங்கேதான். சட்டத்தை ஒரு துளி மீறாத ஆலையின் கழிவுநீரும் குடிநீர் வரம்புக்கு இறங்க, அதைப்போல் ஆயிரம் பங்கு நல்ல தண்ணீர் ஆற்றில் ஓட வேண்டும். டீ ஆற்றில் தண்ணீராவது ஓடியது. நம் பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. சித்திரை வெயிலில் எந்த ஆறு ஆயிரம் பங்கு தண்ணீர் தரும்?

பீனாலைத் தின்று செரிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு, நல்ல சுத்திகரிப்பு நிலையத்தில் அது எளிதாகச் சிதையும் என்கிறார்கள் ஆலைத் தரப்பினர். உண்மைதான். ஆனால் ஒரே மூச்சில் அதிகமாக வந்துவிட்டால் அந்தப் பாக்டீரியாக்களே செத்துவிடும். 1865இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் புண் அழுகாமலிருக்கப் போட்ட கார்பாலிக் அமிலம் இந்தப் பீனால்தான். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அது பார்ப்பதில்லை.

பீனாலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிளைவுட் பசையிலிருந்து குக்கர் கைப்பிடிவரை அது இருக்கிறது. நான் கேட்பது இரண்டு. கழிவுநீர் வரம்பை அன்றன்று ஆற்றில் ஓடும் நீரை வைத்து நிர்ணயிக்க வேண்டும். கோடையில் அது தானாக இறுக வேண்டும். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே, இரவும் பகலும் தண்ணீரைச் சோதிக்கும் கருவி வேண்டும். டீ ஆற்றங்கரையில் அப்படிக் கண்காணிக்கிறார்கள். 1999இல் அந்த ஆற்றுப்படுகையைச் சட்டப்படி நீர்ப் பாதுகாப்பு மண்டலமாகவே அறிவித்தார்கள். அதற்கு அவர்களுக்கே 15 ஆண்டுகள் பிடித்தன.